குழந்தைக்கு பிரஷர் எவ்வளவு இருந்தால் சரி, எப்போது கவலைப்பட வேண்டும்

112/74. பெரியவர் ஒருவருக்கு இந்த எண் வந்தால் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். 12 வயதுப் பையனுக்கு வந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 4 வயதுப் பையனுக்கு இதே 112/74 வந்தால், அவன் வயதுக்கு மீறிய உயரமாகவே இருந்தாலும், அது உயர் இரத்த அழுத்தத்தின் எல்லைக்குள் நுழைந்துவிட்ட எண். இது நம்மில் பலருக்குச் சட்டென்று உறைப்பதில்லை, ஏனென்றால் பிரஷர் என்றாலே 120/80 என்ற ஒரே எண் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே எது வந்தாலும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் மகளுக்கு 7 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் போனபோது பெரியவர்களுக்குச் சுற்றும் பட்டையையே அவள் கையில் சுற்றி பிரஷர் பார்த்து "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து இன்னொரு இடத்தில் சிறுவர் பட்டையில் பார்த்தபோது பத்துப் புள்ளிக்கு மேல் கூடுதலாக வந்தது. அப்போதுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிய நாளான விஷயங்களை மற்ற பெற்றோர் ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே எண் ஏன் எல்லோருக்கும் பொருந்தாது

மேல் எண், அதாவது சிஸ்டாலிக், இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண், டயஸ்டாலிக், இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளரும்போது இருக்கும் அழுத்தம். இரண்டையும் மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவில்தான் சொல்கிறோம். குழந்தை வளர வளர இரண்டும் மெதுவாக ஏறும். உயரமான உடம்புக்கு இரத்தத்தை அனுப்பக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவை, அதனால் ஒரே வயதில் இரண்டு குழந்தைகள் இருந்தால் உயரமானவருக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆண், பெண் என்பதிலும் சிறு வித்தியாசம் உண்டு.

ஆகவே குழந்தையின் எண்ணை அதே வயது, அதே பாலினம், அதே உயரம் உள்ள ஆரோக்கியமான குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதற்குத்தான் பெர்சென்டைல் என்ற கணக்கு. அப்படிப்பட்ட நூறு குழந்தைகளைக் குறைந்த பிரஷரிலிருந்து அதிக பிரஷர் வரை வரிசையாக நிற்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், 90-வது இடத்தில் நிற்கும் குழந்தையின் எண்தான் 90-வது பெர்சென்டைல். அதற்குக் கீழே இருந்தால் இயல்பு. 90-க்கும் 95-க்கும் நடுவே இருந்தால் "சற்று உயர்வு", கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. 95-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அதுவும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்த்தும் அப்படியே வந்தால்தான், உயர் இரத்த அழுத்தம் என்று பெயர் வைப்பார்கள். 95-வது பெர்சென்டைல் எண்ணோடு 12-ஐக் கூட்டி வரும் எண்ணையும் எட்டிவிட்டால் அது இரண்டாம் நிலை, தள்ளிப்போடக் கூடாதது. சின்னக் குழந்தையானாலும் 120/80-ஐ எட்டினால் குறைந்தபட்சம் "சற்று உயர்வு", 130/80 என்றால் முதல் நிலை, 140/90 என்றால் இரண்டாம் நிலை. பெர்சென்டைல் எண், இந்த நேரடி எண் இரண்டில் எது குறைவோ அதைத்தான் எல்லையாக எடுத்துக்கொள்வார்கள்.

13 வயது முடிந்துவிட்டால் வேலை எளிது, பெர்சென்டைல் தேவையில்லை. 120/80-க்குக் கீழே இயல்பு. மேல் எண் 120 முதல் 129 வரை, கீழ் எண் 80-க்குக் கீழே என்றால் சற்று உயர்வு. 130/80 முதல் 139/89 வரை முதல் நிலை. 140/90-உம் அதற்கு மேலும் இரண்டாம் நிலை.

இது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு. அதற்கு முந்தைய அட்டவணைகளில் எடை அதிகமான குழந்தைகளின் அளவுகளும் கலந்திருந்தன. 2017-இல் அவர்களைத் தவிர்த்துவிட்டு, சரியான எடையுள்ள குழந்தைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள், அதனால் எல்லைகள் சில புள்ளிகள் இறங்கின. எது இயல்பு என்பதற்கு ஆரோக்கியமான உடம்புதானே அளவுகோல், அதனால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஐரோப்பாவில் பெரியவர் எண்களுக்கு மாறும் வயதை 16 என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் டாக்டர் எந்த அட்டவணையைப் பார்க்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சல்லடை

முழு அட்டவணை பெரியது, உயரம் தெரியாமல் பார்க்கவும் முடியாது. அதனால் இந்த எண்ணை எட்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஒரு சுருக்க அட்டவணையும் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வருவது பையனுக்கு, அடுத்தது பெண்ணுக்கு.

1 வயது: 98/52, 98/54
2 வயது: 100/55, 101/58
3 வயது: 101/58, 102/60
4 வயது: 102/60, 103/62
5 வயது: 103/63, 104/64
6 வயது: 105/66, 105/67
7 வயது: 106/68, 106/68
8 வயது: 107/69, 107/69
9 வயது: 107/70, 108/71
10 வயது: 108/72, 109/72
11 வயது: 110/74, 111/74
12 வயது: 113/75, 114/75
13 வயதும் அதற்கு மேலும்: இருவருக்கும் 120/80

மேல் எண், கீழ் எண் இரண்டில் ஏதாவது ஒன்று இதை எட்டினாலே போதும், கவனிக்க வேண்டும். ஆனால் இந்த எண்கள் அந்தந்த வயதில் மிகக் குள்ளமாக இருக்கும் குழந்தைகளை மனதில் வைத்து எடுக்கப்பட்டவை, யாரையும் தவற விடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே கீழே வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் பிள்ளை நல்ல உயரமாக இருந்தால், இந்த எண்ணைத் தாண்டியும் முழு அட்டவணைப்படி இயல்பாகவே இருக்கலாம். இது சல்லடை மட்டும்தான், இதை வைத்து வீட்டிலேயே "என் குழந்தைக்கு பிரஷர்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அளக்கும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது

குழந்தைகளுக்கு வரும் தப்பான பிரஷர் எண்களில் பெரும் பங்கு பட்டையால் வருகிறது. பட்டை சிறியதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும், பெரியதாக இருந்தால் பொய்யாக இறங்கும். மெலிந்த 5 வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பட்டையைச் சுற்றினால் உண்மையான உயர்வு மறைந்துபோகும். நேர்மாறாக, பருமனான 14 வயதுப் பிள்ளைக்குச் சாதாரண பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். பட்டையின் மேல் "சிறுவர்", "பெரியவர்" என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், கையை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். தோள் நுனி எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் சரியாக நடுவில் ஒரு அளவு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அந்தச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம், நீளம் 80 முதல் 100 சதவீதம் வரை இருக்க வேண்டும். கைச் சுற்றளவு 18 சென்டிமீட்டர் என்றால், பை குறைந்தது 7.2 சென்டிமீட்டர் அகலம், 14.4 முதல் 18 சென்டிமீட்டர் நீளம். இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாற்றம் வந்தால் பெரியதை எடுப்பதே மேல்.

அடுத்தது உட்காரும் விதம். ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளையையோ, ஊசி போடப் போகிறார்கள் என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளையையோ அளந்து பிரயோஜனமே இல்லை. 3 முதல் 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் குறுக்கே போடாமல் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் ஒரு முக்காலி வையுங்கள். பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி கையை மேசை மேல் வைத்துத் தாங்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது, பிள்ளையும் நீங்களும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வரட்டும். சட்டைக் கையை மேலே இறுக்கிச் சுருட்டுவதும் தப்பு, கழற்றிவிடுவது நல்லது. கைக்குழந்தையைப் படுக்க வைத்தே அளக்கலாம்.

எப்போதும் வலது கை. இதற்குக் காரணம் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் ஒரு பகுதி பிறவியிலேயே குறுகியிருக்கும், அப்போது வலது கையில் அழுத்தம் ஏறியிருந்தாலும் இடது கையில் குறைவாகவோ இயல்பாகவோ காட்டிவிடலாம். அட்டவணைகளும் வலது கை அளவுகளை வைத்தே உருவாக்கப்பட்டவை.

மின்னணுக் கருவி முதல் பார்வைக்குப் போதும். அது அதிர்வை உணர்ந்து, தனக்குள் இருக்கும் கணக்கு வழியாக இரண்டு எண்களையும் சொல்கிறது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதைவிடப் பெரும்பாலும் சற்று அதிகமாகவே காட்டும். ஆகவே கருவியில் உயர்வாக வந்தால், டாக்டரோ செவிலியரோ ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்ய வேண்டும், அதே நாளில் இன்னும் இரண்டு முறை பார்த்து சராசரி எடுக்க வேண்டும். நீங்களே கேளுங்கள், "கையால் ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேல் கைக்கான கருவியாக, குழந்தைகளிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டு அளவுகள் டாக்டருக்கு உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

எப்போதிருந்து பார்க்க வேண்டும்

3 வயது முதல் வருடத்துக்கு ஒரு முறை. எடை அதிகமாக இருந்தால், சர்க்கரை நோய் அல்லது கிட்னிப் பிரச்சினை இருந்தால், பிரஷரை ஏற்றக்கூடிய மருந்து சாப்பிட்டால், டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும். 3 வயதுக்கு முன்பே பார்க்க வேண்டிய குழந்தைகளும் உண்டு: 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்கள், கிட்னியில் ஏதாவது குறை இருப்பவர்கள், பச்சிளம் பருவத்தில் தீவிர சிகிச்சையில் தொப்புள் இரத்தக்குழாயில் குழாய் போடப்பட்டவர்கள். கடைசியாகச் சொன்னதைப் பல பெற்றோர் மறந்தே போயிருப்பார்கள், பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

எண் கூடுதலாக வந்துவிட்டது, இனி?

பதறாதீர்கள். ஒரு நாள் எண் ஒரு நாள் எண்தான். குழந்தைக்குச் சிரமம் எதுவும் இல்லாமல் "சற்று உயர்வு" என்றால், சாப்பாடு, ஓட்டம், தூக்கம் இவற்றைச் சரி செய்துவிட்டு 6 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். முதல் நிலை என்றால் 1 அல்லது 2 வாரத்தில், அப்போதும் குறையவில்லையென்றால் 3 மாதத்தில். இரண்டாம் நிலை என்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும், அல்லது சிறப்பு மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இந்த இடைவெளிகளை நாமாக நீட்டிவிடக் கூடாது, குழந்தை ஓடியாடி விளையாடுகிறதே என்று அடுத்த தேதியை விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

ஒரு முறையாவது கால்களிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் காலில் கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். காலில் குறைவாக வந்தால், தொடை மடிப்பில் நாடி மெலிதாகத் தட்டினால், மேலே சொன்ன மகாதமனிக் குறுக்கம்தான் முதல் சந்தேகம், அது சரி செய்யக்கூடியது.

சில பிள்ளைகளுக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் ஏறும், வீட்டில் இயல்பாக இருக்கும். சிலருக்கு இதற்கு நேர் எதிராக, டாக்டர் அறையில் இயல்பு, வெளியில் உயர்வு. இரண்டையும் பிரித்தறிய 24 மணி நேரக் கருவி இருக்கிறது, சுமார் 5 வயதுக்கு மேல் கட்டலாம். பகலிலும் இரவிலும் அதுவாகவே 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து பதிவு செய்யும். தூங்கும்போது பிரஷர் சுமார் 10 சதவீதம் இறங்க வேண்டும், இறங்குகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள், நடு இரவில் கை இறுகினால் பயந்துவிடும்.

ஏன் வருகிறது

எனக்குத் தெரிந்து பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "இந்த வயதில் எப்படி?" என்பதுதான். குழந்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்கு ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் கிட்னியைப் பார்ப்பார்கள்: பிறவிக் குறை, தொற்றால் வந்த தழும்பு, கிட்னிக்குப் போகும் இரத்தக்குழாய் குறுகியிருப்பது. அப்புறம் இதயம், தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள். பெரிய பிள்ளைகளில், குறிப்பாக எடை கூடியிருந்து அப்பா அம்மாவுக்கும் பிரஷர் இருந்தால், பெரியவர்களுக்கு வருகிற அதே வகைதான் பெரும்பாலும்.

மருந்துகளை மறந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மருந்துகள், கவனக்குறைவுப் பிரச்சினைக்குத் தரும் ஊக்க மருந்துகள், கருத்தடை மாத்திரை, காஃபீன் நிறைந்த எனர்ஜி பானங்கள், இவை எல்லாமே பிரஷரை ஏற்றும். டாக்டரிடம் போகும்போது பிள்ளை சாப்பிடும் எல்லாவற்றையும், கடையில் நாமாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளைகளுக்கும் பிரஷர் ஏறலாம், கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

பரிசோதனை என்றால் சிறுநீர், இரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், உப்புச்சத்துகள், கொழுப்பு. 6 வயதுக்குக் கீழே என்றாலோ சிறுநீரில் கோளாறு தெரிந்தாலோ கிட்னி ஸ்கேன். மருந்து தொடங்கும் கட்டம் வந்தால் இதயத்துக்கு எக்கோ.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

உயர் அழுத்தம் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் இருக்கும், அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறோம். ஆனால் உயர்ந்த எண்ணோடு கடுமையான தலைவலி, தொடர் வாந்தி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. 95-வது பெர்சென்டைல் எண்ணைவிட 30-க்கு மேல் கூடியிருந்தாலோ, பதின்ம வயதில் 180/120-ஐத் தாண்டினாலோ, பிள்ளை நன்றாகவே தெரிந்தாலும் கிளம்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தொண்டை வலி வந்துபோய் ஒன்றிலிருந்து மூன்று வாரம், அல்லது தோலில் சிரங்கு வந்து சில வாரம் ஆன பிறகு, காலையில் முகமும் கண் இமையும் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் கொஞ்சமாகப் போனால், அது கிட்னி வீக்கமாக இருக்கலாம். இதில் பிரஷர் வேகமாக ஏறி வலிப்பு வரைக்கும் போகும். முக வீக்கத்தை "தூக்கம் போதவில்லை" என்று விட்டுவிடாமல் அன்றே பிரஷரும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள்.

குறைப்பது எப்படி

இரண்டாம் நிலை இல்லை, வேறு நோயும் இல்லை என்றால் முதலில் வீட்டு மாற்றங்கள்தான். உப்பைக் குறைக்க வேண்டும், அதில் பெரும் பங்கு பாக்கெட் நொறுக்குத் தீனியிலும் உடனடி உணவுகளிலும் ஒளிந்திருக்கிறது. பழம், காய்கறி, முழு தானியம், பருப்பு வகை, கொழுப்பு குறைந்த பால் கூட வேண்டும், இனிப்புப் பானம் குறைய வேண்டும். வாரத்தில் 3 முதல் 5 நாளாவது 30 முதல் 60 நிமிடம் வியர்க்க விளையாட வேண்டும். பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் வைத்து அதைத் தண்டனையாக்கிவிடாதீர்கள், வீடு முழுக்க மாறினால்தான் அது நிலைக்கும். இரண்டாம் நிலையில் இருக்கும் பிள்ளை, எண் கட்டுக்குள் வரும் வரை போட்டி விளையாட்டில் இறங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மாற்றங்களுக்குப் பிறகும் இறங்கவில்லை, அல்லது கிட்னி நோய், சர்க்கரை நோய் இருக்கிறது, அல்லது இரண்டாம் நிலை என்றால் மருந்து. குழந்தைகளுக்குப் பழகிய, நம்பகமான மருந்துகள் இருக்கின்றன. இலக்கு 90-வது பெர்சென்டைலுக்குக் கீழே, 13 வயதுக்கு மேல் 130/80-க்குக் கீழே. பிரஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது கூடாது, அது மாத்திரையால் இறங்கியது.

குறைவான பிரஷர்

இதில் கணக்கு எளிது. 1 முதல் 10 வயது வரை மேல் எண் குறைந்தபட்சம் 70-உம் வயதின் இரண்டு மடங்கும் சேர்ந்த அளவு இருக்க வேண்டும். 4 வயதுக்கு 78, அதற்குக் கீழே போனால் ஆபத்து. ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை 70, 10 வயதுக்கு மேல் 90. நன்றாக இருக்கும் மெலிந்த பிள்ளைக்கு இந்த எல்லைக்கு மேலே, ஆனால் சற்றுக் குறைவாக வந்தால் அது பெரும்பாலும் அவர்களின் இயல்பு. சட்டென்று எழும்போது தலை சுற்றும் பதின்ம வயதினர் தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறார்களா, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்களா என்று பாருங்கள். ஆனால் விளையாடும்போதே மயங்கி விழுந்தால் அது வேறு, இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும்.

வாந்தி, பேதி, காய்ச்சலில் துவண்டிருக்கும் குழந்தையிடம் மட்டும் பிரஷர் எண்ணை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். குழந்தையின் உடம்பு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பை ஏற்றி, கடைசி வரை பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும், அது இறங்கும்போது ரொம்பத் தாமதமாகியிருக்கும். டெங்கு காய்ச்சலில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால், உதாரணமாக 100/82 என்று வந்தால், மேல் எண் நன்றாக இருந்தாலும் அது ஆபத்தின் அறிகுறி. அந்த நேரத்தில் கை கால் சில்லிட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறதா என்று பாருங்கள். கை கால் சில்லிட்டிருந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றாலோ, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லையென்றாலோ, கருவியில் என்ன எண் வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.